வாய் மூடிய வாளி

நான் வேலை பார்த்த பள்ளியில் இப்போது கணக்குப் பாடம் எடுக்கும் ரேவதி போன மாதம் வேங்கிக்காலில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். பள்ளியின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றாள். பேச்சோடு பேச்சாகத் தன் போனை எடுத்து, பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்றைப் படம் பிடித்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் படிப்படியாக வழியும் விடையும் வந்து நின்றன.

"பசங்க எல்லாம் இதப் பாத்துதான் மேடம் எழுதுறாங்க. வழி சரியா தப்பானு ஒருத்தரும் பாக்கறதில்ல. விடை வந்துச்சா, போதும். உங்க காலத்துல இப்படி இருந்திருக்காது இல்ல?"

இப்படித்தான் இருந்தது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. வயதானவர்கள் தன்னடக்கத்துக்குச் சொல்வது என்று எடுத்துக்கொண்டு காபியைக் குடித்துவிட்டுப் போனாள். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் படிப்பு, பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போளூர் பக்கத்தில் விவசாயக் குடும்பம். கணக்கில் பட்டம், பிறகு பி.எட்., பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு நீண்ட காத்திருப்பு. முதலில் ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு பள்ளி, அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை திருவண்ணாமலை ஊருக்குள் ஒரு பள்ளி, பத்தாம் வகுப்பு வரைக்கும். பயிற்சியில் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான். கரும்பலகையை நான்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கொடுத்திருப்பது என்ன, கேட்டிருப்பது என்ன, சூத்திரம், செய்முறை. முதல் கட்டத்தை முழுதாக எழுதாமல் மூன்றாவதுக்குத் தாவக் கூடாது. பிள்ளைகள் தாவுவார்கள், அப்போது சாக்பீஸால் முதல் கட்டத்தைத் தட்டுவேன். எல்லாக் கணக்கும் அந்த முதல் கட்டத்தில்தான் கெடுகிறது என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

வேலையில் நன்றாக ஊன்றிய பிறகு ஒரு கைடு எழுதினேன். பத்தாம் வகுப்புக் கணக்குக் கைடு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜின் மாடியில் மாணிக்கம் என்பவர் சின்னதாகப் பதிப்பகம் வைத்திருந்தார், அவருக்காக. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் அனுமதி வாங்காமல் இப்படி எழுதக் கூடாது. அதனால் அட்டையில் என் பெயர் இல்லை. 'அனுபவமிக்க ஆசிரியர் குழு' என்று போட்டிருந்தார்கள். குழு என்பது நான் ஒருத்திதான்.

ஏன் எழுதினேன் என்று கேட்டால், வீடு கட்டிக்கொண்டிருந்தோம், பணம் தேவையாக இருந்தது. ஆனால் அது பாதிதான். நான் போட்ட வழி நாலு ஊர்ப் பிள்ளைகள் கையில் இருக்கும் என்கிற ஆசை மீதி பாதி. பெயர் இல்லாவிட்டால் என்ன, வழி என்னுடையதுதானே என்று நினைத்தேன். பள்ளி விட்டு வந்ததும் ஒருபக்கத் தாளில் எழுதுவேன். ஒரு வரிக்கு ஒரு படி, வலது ஓரத்தில் அதற்கான காரணம். எந்தப் படியையும் 'இதிலிருந்து எளிதில் கிடைக்கும்' என்று சொல்லித் தாண்டியதில்லை. அந்தப் புத்தகத்தில் எனக்குப் பெருமை இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

சிக்கல் வந்தது விடைகளில். புத்தகத்தின் கடைசியில் வரும் விடைப் பக்கங்களை மட்டும் மாணிக்கம் ஏதோ பழைய வினா வங்கியிலிருந்து எடுத்து, நான் எழுதி முடிப்பதற்கு முன்னாலேயே சிவகாசிக்கு அனுப்பி அச்சடித்துவிட்டார். நேரத்தை மிச்சம் பிடிக்கிறாராம்.

அதில் ஒரு வாளிக் கணக்கு இருந்தது. மேற்புறம் திறந்த வாளி ஒன்றின் வாய் ஆரம் 20 செ.மீ., அடி ஆரம் 12 செ.மீ., உயரம் 15 செ.மீ. அதைச் செய்ய எவ்வளவு தகரம் வேண்டும்? பக்கவாட்டுத் தகரம் எவ்வளவு, அடித்தட்டு எவ்வளவு என்று கண்டுபிடித்துக் கூட்டினால் முடிந்தது. எனக்கு 2160.32 சதுர செ.மீ. வந்தது. அச்சான பக்கத்தில் 3416.32 என்று இருந்தது. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு மாணிக்கத்திடம் போனேன்.

"அந்தப் பக்கம் எல்லாம் அச்சாகி வந்துடுச்சு டீச்சர்," என்றார் அவர். "விடைய ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க வழியக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

"எப்படி சார் அட்ஜஸ்ட் பண்றது? கணக்கு சார் இது."

"உங்களால ஆவாததா. ஒரு ஸ்டெப்பு ஜாஸ்தியா போட்டுப் பாருங்க, வந்துடும்."

கணக்கே தெரியாதவர் குத்துமதிப்பாகச் சொன்னது. ஆனால் சரியாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து பெரிய விடையிலிருந்து சின்ன விடையைக் கழித்தேன். 1256. அதை 3.14-ஆல் வகுத்தேன். 400. இருபதின் வர்க்கம். அதாவது வாளியின் வாய். வினா வங்கியில் யாரோ வாளியின் வாயையும் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். இரண்டு நாளாகப் பிடிபடாதது பிடிபட்ட சந்தோஷம். அந்த வேகத்திலேயே எழுதினேன்: வாளியின் மொத்தப் பரப்பு = வளைபரப்பு + மேல் வட்டம் + அடி வட்டம். முதல் கட்டத்தில், 'கொடுத்திருப்பது' என்ற இடத்தில், 'மேற்புறம் திறந்த' என்னும் இரண்டு சொற்களை மட்டும் விட்டுவிட்டேன். கேள்வியில் இருக்கும், தீர்வில் இருக்காது. வலது ஓரத்தில் காரணமும் எழுதினேன். படிப்பதற்கு மிகவும் சுத்தமாக இருந்தது.

அடுத்த வருடம் வகுப்பில் அந்தக் கணக்கைச் சரியாகத்தான் போட்டேன். பின் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, "மிஸ், கைடுல வேற இருக்குது," என்றாள். கைடு என்னுடையது என்று அவர்களுக்குத் தெரியாது. பொதுத்தேர்வில் திருத்துகிறவரும் இதே கைடைப் படித்தவராக இருந்தால் பிள்ளைக்கு மார்க் போய்விடுமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, டஸ்டரால் அழித்துவிட்டுக் கைடில் உள்ளபடி போட்டேன். அதற்கடுத்த வருடம் அழிக்கும் வேலை இல்லை, நேராகவே மூடிய வாளியைப் போட்டேன். பக்கத்துப் பள்ளிகளிலும் அப்படித்தான் போட்டார்கள். கைடு நன்றாக விற்றது.

ஊரில் ஓர் அறக்கட்டளை வருடாவருடம் பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு ஒரு கணக்குத் தேர்வு வைத்துக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து முந்நூறு பேர் எழுதுவார்கள். முதலிடமும் இரண்டாமிடமும் வாங்கும் இரண்டு பேருக்கு, பதினொன்றும் பன்னிரண்டும் நல்ல பள்ளியில் விடுதியோடு இலவசம். செங்கம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து பன்னிரண்டு ஆசிரியர்கள் இரண்டு நாள் திருத்துவோம். பௌர்ணமி இல்லாத சனி, ஞாயிறாகப் பார்த்துத்தான் வைப்பார்கள், இல்லாவிட்டால் கூட்டத்தில் யாரும் வந்து சேர முடியாது.

அங்கே தலைமைத் தேர்வாளர் தேவராஜ் சார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஒல்லியாக, குரலே எழும்பாமல் பேசுவார். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் தன்னைப் பார்த்து வைப்பார். இருபது தாள் கொண்ட ஒரு கட்டு முடிந்தால்தான் டீ. 'தப்பு' என்ற வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நாம் ஏதாவது தவறாகக் கூட்டியிருந்தால் தாளை நம் முன்னால் வைத்து, "இதக் கொஞ்சம் வழி காட்டுங்க," என்பார். நாமே கண்டுபிடித்து, நாமே வெட்கப்பட வேண்டும்.

அவருடைய முறை ஒன்று எனக்குப் பிடிக்கும். முதல் நாள் முதல் ஒரு மணி நேரம் யாருக்கும் விடைக்குறிப்பு தர மாட்டார். வினாத்தாளைக் கொடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எங்களையே எல்லாக் கணக்கையும் போடச் சொல்வார். பிறகுதான் குறிப்பை எடுத்து ஒப்பிடுவார். எங்கள் விடையும் குறிப்பும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே விவாதம்.

கைடு வந்து சில வருடம் கழித்து அந்தத் தேர்வின் வினாத்தாளில் அதே வாளி வந்தது, அதே எண்களோடு. ஐந்து மதிப்பெண். குறிப்பில் 3416.32. பன்னிரண்டு ஆசிரியர்களும் 3416.32 போட்டிருந்தோம். நானும்தான். யோசித்துச் செய்த ஏமாற்று என்றுகூடச் சொல்ல முடியாது, கை தானாகவே போட்டுவிட்டது. தேவராஜ் சார் பன்னிரண்டு தாளையும் புரட்டிவிட்டு, "எல்லாரும் ஒண்ணா இருக்கீங்க. நல்லது," என்று கட்டுகளைப் பிரித்துக் கொடுத்தார்.

தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் கூட்டிச் சரிபார்க்க வேண்டும். முதல் நாள் மாலை அப்படிக் கூட்டுவதற்கு வந்த ஒரு தாளைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. நான்கு கட்டம், விடைக்கு இரட்டைக்கோட்டுப் பெட்டி, 7-க்கு நடுவில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு. என் வகுப்புப் பவானி. கூட்டினேன், 92. அதுவரை திருத்தியதில் ஒருத்திதான் 97 வாங்கியிருந்தாள். பவானி இரண்டாவது.

பவானியின் அப்பா, அம்மா கிரிவலப் பாதையில் தள்ளுவண்டியில் இட்லி, தோசை போட்டுக்கொண்டிருந்தார்கள். தேர்வுக்கு முன்னால் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்து, "சீட்டு கெடச்சா படிக்கட்டும் டீச்சர். இல்லேன்னா பெங்களூர்ல அவங்க மாமா இருக்கறாரு, கார்மெண்ட்ஸ் கம்பெனிக்கு அனுப்பிடலாம்னு இருக்கறோம்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வருத்தமாகச் சொல்லவில்லை, முடிவாகச் சொன்னார். 92-ஐப் பார்த்தபோது எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் நாள் பதினொரு மணி வாக்கில் 214-ஆம் எண் தாள் என் கட்டில் வந்தது. கையெழுத்து கோழி கிளறினது போல இருந்தது, ஆனால் கணக்கு தெரிந்த பெண். வாளிக் கணக்குக்குப் படம் போட்டிருந்தாள், பிடியெல்லாம் வைத்து. கீழே ஒரு வரி: 'வாளியின் வாய் திறந்திருப்பதால் மேல் வட்டத்தைச் சேர்க்கவில்லை.' விடை 2160.32.

குறிப்பின்படி மேல் வட்டத்துக்கு ஒன்று, இறுதி விடைக்கு ஒன்று, ஆக இரண்டு மதிப்பெண் குறைய வேண்டும். மூன்று போட்டேன். மொத்தம் கூட்டினேன், 91. அந்த இரண்டையும் கொடுத்திருந்தால் 93.

அந்தத் தாளைக் கட்டின் அடியில் வைத்துவிட்டு மற்றதைத் திருத்தினேன். ஒரு கட்டு முடிந்தது, டீ வந்தது, குடித்தேன். ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் அம்மாவைத் தெரியும், அவளுடைய ஏழு எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியும். இன்னொருத்தி எனக்கு வெறும் எண். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் முடிவு செய்தேன். பவானியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது. ஆனால் தாளை எப்படித் திருப்பி வைத்தாலும் அந்த ஒரு வரி தெரிந்துகொண்டே இருந்தது. நான் இரண்டு சொற்களை விட்டு எழுதியதை, யாரும் சொல்லாமல் ஒரு பத்தாம் வகுப்புப் பெண் திரும்ப எழுதி வைத்திருந்தாள். எனக்கு அசிங்கமாக இருந்தது. எழுந்து தேவராஜ் சாரிடம் போனேன்.

"சார், வாளிக் கணக்குல குறிப்பு தப்பு. மேல தெறந்ததுனு கேள்வியிலயே இருக்குது."

அவர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். "நேத்து காலைல பன்னெண்டு பேரும் ஒரே விடைதான போட்டீங்கம்மா. நீங்களும் போட்டீங்க."

"போட்டேன் சார்."

"கைடுலயும் அப்படித்தான் இருக்குது. என் பேத்திகிட்ட பாத்தேன். இத்தன வருஷமா ஓடற புக்கு. எழுதினவரு யோசிக்காமலா எழுதியிருப்பாரு?"

"யோசிச்சுதான் சார் எழுதினேன். அந்தக் கைடு நான் எழுதினது."

அவர் பேனாவை மூடி வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த மேஜையில் திருத்திக்கொண்டிருந்தவர்கள் கை நின்றுவிட்டது எனக்குத் தெரிந்தது.

"பேரு போட்டிருக்குதா?"

"இல்ல சார்."

"பர்மிஷன் வாங்கினீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப இத எங்கிட்ட சொல்லியிருக்க வேணாம். கணக்க மட்டும் சொல்லியிருந்தா போதும்."

"கைடுல இருக்குதுனு சொன்னீங்க சார். அதுக்கப்புறம் கணக்க மட்டும் சொன்னா நீங்க கேட்டிருக்க மாட்டீங்க."

தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு மண்டபத்தில் இருந்த கரும்பலகையைக் காட்டி, வழக்கம்போல மெதுவாக, "வழி காட்டுங்க," என்றார்.

பன்னிரண்டு பேர் முன்னால் போட்டேன். முதல் கட்டத்தில் 'மேற்புறம் திறந்த' என்று எழுதி அடிக்கோடு இட்டேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, எல்லாருடைய வீட்டிலும் வாளி இருக்கிறது. ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே, "இத்தன வருஷமா தண்ணியே ஊத்த முடியாத வாளிய வெச்சுக்கிட்டு குடித்தனம் பண்ணியிருக்கோம்," என்றார். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறு சந்தர்ப்பமாக இருந்தால்.

இனி என்ன செய்வது என்று பேச்சு வந்தது. மூடிய வாளி போட்டவர்களுக்கு மார்க் குறைக்க வேண்டும் என்றார் ஒருவர். மேஜையில் முக்கால்வாசித் தாள் அதுதான். "வாத்தியாருங்க சொல்லிக் குடுத்தத எழுதினதுக்கு பசங்க என்ன பண்ணுவாங்க," என்று தேவராஜ் சார் முடித்துவிட்டார். இரண்டு விடைக்கும் முழு மதிப்பெண் என்று ஆயிற்று. அப்படியானால் வாயைத் திறந்து போட்டவர்கள் தாளை மட்டும் தேடித் திருத்தினால் போதும். எல்லாருமாகத் தேடினோம். முந்நூறில் நான்கு தாள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் 3-ஐ அடித்து 5 போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, மொத்தத்தையும் திருத்தினோம். மூன்று பேருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. 214-க்கு 93 ஆயிற்று.

"நல்லவேளை மேடம், யாருக்கும் நஷ்டம் இல்ல. யாருக்கும் கம்மி ஆவல பாருங்க," என்றார் பக்கத்தில் இருந்தவர். ஆமாம் என்றேன்.

ஒரு வாரத்தில் முடிவு ஒட்டினார்கள். 214-இன் பெயரும் ஊரும் பலகையில் இருந்தன. படித்தேன், இப்போது நினைவில்லை. எண்தான் நினைவிருக்கிறது. பவானி மூன்றாவது, ஒரு மதிப்பெண்ணில்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ரேவதி கேட்பாள். மண்டபத்தில் இருந்த யாரோ ஒருவர் மேலே எழுதிப்போட்டார். கைடு எழுதியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, விசாரணை இழுத்தது, தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வரவேயில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. செய்ததற்குத்தான் வந்தது. மாணிக்கம் அடுத்த பதிப்பில் வாளியைத் திருத்தினாரா என்று நான் பார்க்கவில்லை. பவானி பொதுத்தேர்வு எழுதிவிட்டுப் பெங்களூருக்குப் போனாள். அதற்குமேல் அவளைப் பற்றித் தெரியாது.

சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. முடிவு ஒட்டியதற்கு மறுநாள் இடைவேளையில் பவானி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். கையில் கணக்கு நோட்டு. நான் போர்டில் போட்டதை எல்லாம் ஒரு வரி விடாமல் அதில் எழுதி வைத்திருப்பாள்.

"மிஸ், அந்த வாளிக் கணக்கு தப்புனு எல்லாரும் பேசிக்கறாங்க."

"தப்புதான்."

"எனக்கு அஞ்சு மார்க் போட்டிருக்காங்களாமே."

"போட்டாங்க. ஆனா கணக்கு தப்பு."

"நீங்க போர்டுல போட்டதுதான மிஸ்."

"ஆமா. அது தப்புனு தெரிஞ்சுதான் போட்டேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சீட்டைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டை என் மேஜையில் வைத்து, என் பக்கமாகத் திருப்பினாள்.

"பப்ளிக் எக்ஸாமுக்கு ரெண்டு மாசம்தான் இருக்குது மிஸ். இதுல இன்னும் எது எது அந்த மாதிரி?"

நான் நோட்டைத் திறக்கவில்லை. இன்னும் மூன்று இருந்தன. எந்தப் பாடம், எத்தனையாவது கணக்கு என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் அட்டையின் உள்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். குறித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கீங்க மிஸ்," என்றாள்.